உழைப்பாளியின் உடல் வலியும் பிடித்துவிடுதலும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேடுகளில் நூல் இருப்புக்கு ஒரு பத்தி உண்டு. துணி இருப்புக்கு ஒரு பத்தி உண்டு. கடன் பாக்கியும் வட்டியும் பைசா பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். அங்கத்தினரின் இடுப்பு வலிக்கு எந்த ஏட்டிலும் பத்தி கிடையாது. எனினும் அவ்வலி கணக்கில் வந்து சேராமல் இருப்பதில்லை. பண்டிகைக் காலத்து ஆர்டர்கள் முடிந்த மறுமாதம் துணி ஒப்படைப்புக் குறைந்திருப்பதைக் கண்டு நாம் காரணம் வினவினால், "இடுப்புப் பிடித்துக்கொண்டது ஐயா, நாலு நாள் குழியில் இறங்க முடியவில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. மாதத்தில் நான்கு நாட்கள் தறி நின்றால் ஆண்டில் 48 நாட்கள் ஆகின்றன. ஏறக்குறைய இரண்டு மாதக் கூலி வீட்டுக்கு வராமற் போகிறது. விவசாய அங்கத்தினரின் நிலையும் இதுவே. நடவுக்கும் அறுவடைக்கும் பின் வரும் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் அவரை வேலைக்காலத்திலேயே திண்ணையில் உட்கார வைத்துவிடுகின்றன.

இத்தகைய வலி வந்தவுடன் நம் வீடுகளில் முதலில் செய்யப்படுவது, எண்ணெய் காய்ச்சித் தேய்த்துப் பிடித்துவிடுதலேயாகும். இஃது உண்மையில் நன்மை தருவதா? தருமாயின் எவ்வளவு தரும்? எந்த வலிக்குத் தரும், எந்த வலிக்குத் தீங்காகும்? அங்கத்தினர்கள் நம்மிடம் பன்முறை கேட்ட இக்கேள்விகளுக்கு, மருத்துவ அறிஞர்கள் இதுவரை கண்டறிந்தவற்றைக் கொண்டு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலி ஏன் தோன்றுகிறது?

குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரை ஒரு நாழிகை உற்று நோக்கினால் காரணம் விளங்கும். கால்கள் குழிக்குள் மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றன. ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை வெட்டி இழுக்கிறது. மறு கை ஊடையை அடித்துச் சேர்க்கிறது. இவை அசையும் உறுப்புகள். ஆனால் கழுத்தும் முதுகும் இடுப்பும் அசைவதில்லை. அறுந்த இழையைக் கவனிக்கும் பொருட்டுத் தலை எந்நேரமும் குனிந்திருக்கிறது. வளர்ந்த மனிதரின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. அது நேராக நிற்கையில் முதுகெலும்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. முன்னால் சாய்ந்தாலோ, பின்கழுத்துத் தசைகளே அதைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிறது.

சுருங்கிய நிலையிலேயே நீண்ட நேரம் நிற்கும் தசை, தன்னுள் ஓடும் சிறு இரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது. சுருங்கி விரியும் தசைக்குக் கிடைக்கும் இரத்தவோட்டம் அதற்குக் கிடைப்பதில்லை. அதனால் தசை களைத்து இறுகுகிறது. இறுகிய இடம் தொட்டாலே நோகிறது. வயலில் குனிந்து நாற்று நடும் பெண்மணியின் இடுப்பிலும், மண்வெட்டி பிடிப்பவரின் முன்கையிலும், சுமை தூக்குபவரின் கழுத்திலும் நிகழ்வது இதுவே. உழைப்பாளிகளின் அன்றாட வலியில் பெரும்பங்கு எலும்பைச் சேர்ந்ததன்று. தசையையும் தசைநாரையும் சேர்ந்தது. பிடித்துவிடுதலால் பயன்பெறுவதும் முக்கியமாக இவ்வகை வலிதான்.

பிடித்துவிடுதல் என்பது யாது?

நம் சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதனை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கின்றனர். கேரளத்தில் உழிச்சல் என்ற பெயரில் இக்கலை வழங்கிவருகிறது. மேல்நாட்டில், ஸ்வீடன் தேசத்தின் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். நீவுதல், பிசைதல், உரசித் தேய்த்தல், தட்டுதல் ஆகியவற்றுக்கு இன்று மேல்நாட்டார் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களை நிலைநிறுத்தியவர் ஹாலந்து தேசத்து வைத்தியர் யோஹான் கெயார்க் மெட்ஸ்கர் என்பர். பெயர்கள் வேறாயினும், நம் பாட்டிமார் கையால் செய்வதும் இவையே.

அஃது எவ்வாறு பயன் தருகிறது?

இடித்துக்கொண்ட முழங்கையை நாம் நினையாமலே தேய்த்துவிடுகிறோம். உடனே வலி சற்றுக் குறைகிறது. இதற்கு ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் 1965-ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் வெளியிட்டனர். வலியின் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில், முதுகுத் தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருக்கிறது என்றும், தொடுகையும் அழுத்தமும் ஆகிய செய்திகள் அவ்வழியே மிகுதியாக வரும்போது வாயில் ஒருவாறு அடைபட்டு வலியின் செய்தி குறைந்தே செல்கிறது என்றும் அவர்கள் கூறினர். இவ்விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டபோதிலும், தொடுகை வலியைத் தணிக்கும் என்ற அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.

இரண்டாவதாக, இறுகிய தசை தளர்கிறது. அவ்விடத்தில் சூடு பரவுகிறது. மூன்றாவதாக, மனமும் அடங்குகிறது. நாள் முழுதும் கூலியையும் கடனையும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கால் மணி நேரம் கண்மூடிப் படுத்திருப்பதே ஓர் ஆறுதல். அன்றிரவு உறக்கம் வருகிறது. நல்ல உறக்கம் வலியைப் பொறுக்கும் திறனைக் கூட்டுகிறது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடல் வேண்டும். வேலை செய்த தசையில் ஒருவகை அமிலம் தேங்கி நிற்கிறது, அதைப் பிழிந்து வெளியேற்றவே பிடித்துவிடுகிறோம் என்று பலர் கூறுகின்றனர். கடும் உழைப்பில் தோன்றும் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானே கழிந்துவிடும். மறுநாள் தோன்றும் வலிக்குக் காரணம், பழகாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம். ஆகவே, அமிலத்தைப் பிழிந்தெடுக்க வேண்டுமென்று எண்ணிப் பலங்கொண்ட மட்டும் அழுத்துவதில் பயனில்லை. சேதம் மிகுவதற்கே இடமுண்டு.

ஆராய்ச்சிகள் கூறுவன

இடுப்பு வலி நமக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. எனவே இதைப் பற்றிய ஆராய்ச்சிகளும் பல.

2015-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் சர்வதேச அமைப்பு, கீழ்முதுகு வலிக்குப் பிடித்துவிடுதல் பயன்படுமா என்று நடத்தப்பட்ட 25 சோதனைகளை ஒருங்கே பரிசீலித்தது. அவற்றில் 3,096 பேர் பங்கு பெற்றிருந்தனர். ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைக் காட்டிலும் பிடித்துவிடப்பட்டவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் அப்பயன் குறுகிய காலத்ததாகவே இருந்தது. அச்சோதனைகளின் தரம் போதாமையால் இம்முடிவை உறுதியாக நம்புவதற்கில்லை என்றும் பரிசீலித்தவர்களே எழுதினர். 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்தை நாடுமுன் ஒத்தடம், பிடித்துவிடுதல் முதலியவற்றைச் செய்து பார்க்கலாம் என்று வழிகாட்டியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும், தேகப்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் கூறுதல் ஆகியவற்றுடன் பிடித்துவிடுதலும் இடம் பெற்றது. இடுப்பில் பட்டை கட்டிக்கொள்வதை அவ்வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை என்பதையும், பட்டை வாங்கப் பணம் செலவிடும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

மூட்டுத் தேய்வால் வரும் முழங்கால் வலி பற்றி அமெரிக்காவில் 222 பேரிடம் செய்யப்பட்ட ஆராய்ச்சி 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பிடித்துவிடப்பட்டவர்களுக்கு, எட்டு வாரங்களில் மற்றவரைக் காட்டிலும் வலி குறைந்து நடை எளிதாயிற்று. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. நாட்பட்ட கழுத்து வலியுள்ள 228 பேரிடம் நடந்து 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், வாரம் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் பிடித்துவிடப்பட்டவர்கள் நற்பயன் பெற்றனர். அரைமணி நேரம் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

இவற்றிலிருந்து நாம் அறிந்துகொள்வது யாது? பிடித்துவிடுதல் வலியைத் தணிக்கும்; வலியின் காரணத்தை நீக்காது. வீட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் செய்வதால் அன்றைய இறுக்கம் தளரும், உறக்கம் வரும். பல்லாண்டு வலி அதனால் தீருமென்று எதிர்பார்த்தல் ஆகாது. இந்த அளவுப் பயனும் சிறியதன்று. வைத்தியர் சொல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். அம்மாத்திரைகளை நாடும் நாட்கள் சில குறைந்தாலும் அது லாபமே.

வீட்டில் செய்யும் முறை

உணவு உண்டவுடன் செய்யலாகாது. பிடித்துவிடுபவர் நகம் வெட்டி, கைகளைக் கழுவி, உள்ளங்கைகளைச் சூடாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். கை வழுக்கிச் செல்வதற்கு ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும்.

எப்பகுதியாயினும் வரிசை ஒன்றே. முதலில் இரண்டு மூன்று நிமிஷம் உள்ளங்கையால் மெல்ல நீவ வேண்டும். கை கால்களில் நீவுகையில் இதயத்தை நோக்கியே கை செல்லட்டும். பிறகு சப்பாத்தி மாவு பிசைவது போலத் தசையைப் பற்றித் தளர்த்த வேண்டும். அடுத்து, நோகும் இடங்களில் கட்டைவிரலால் சிறு வட்டங்களாக அழுத்தித் தேய்க்கலாம். இறுதியில் மீண்டும் நீவி முடித்தல் வேண்டும். படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ உடலை இறுக்கினாலோ, அழுத்தம் மிகுந்துவிட்டதென்று அறிக. "வலித்தால்தான் வலி போகும்" என்பது தவறு.

இடுப்புக்கு: பாயில் குப்புறப் படுத்து, அடிவயிற்றின் கீழ் ஒரு மெல்லிய தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். நடு முதுகெலும்பின் மீது அழுத்தாமல், இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தசைகளிலும் பிட்டத்துத் தசைகளிலும் கை வைக்க வேண்டும். குழந்தைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. முதியோருக்கு எலும்பு மெலிந்திருக்கும். மிதியால் முறிவு ஏற்படக்கூடும். அப்பழக்கத்தை விட்டொழிப்பதே நன்று.

கழுத்துக்கும் தோளுக்கும்: முக்காலியில் அமர்ந்து, மேசையிலோ பெட்டியின் மேலோ கைகளை மடித்து வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளலாம். தோளின் மேற்புறத் தசையையும் பின்கழுத்தையும் பிசைந்துவிடலாம். முன்கழுத்தில் கை படலாகாது. அங்கு மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள் உள்ளன.

முன்கைக்கு: கயிறு இழுத்தும் அரிவாள் பிடித்தும் களைத்த கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி நீவ வேண்டும். இதை அவரவர் தாமே செய்துகொள்ளலாம்.

முழங்காலுக்கு: மூட்டுச் சில்லின் மீது அழுத்தாமல், அதற்கு மேலுள்ள தொடைத் தசையைப் பிசைந்துவிட வேண்டும். மூட்டு சிவந்தோ சூடாகவோ வீங்கியோ இருந்தால் கை வைக்க வேண்டாம்.

துணையில்லாதவர்கள், ஒரு ரப்பர்ப் பந்தைச் சுவருக்கும் தம் முதுகுக்கும் இடையே வைத்துச் சாய்ந்து, மெல்ல அசைந்து தாமே அழுத்திக்கொள்ளலாம். முடிந்தபின் எழுந்து கைகால்களை நீட்டி மடக்கி, நாலு எட்டு நடத்தல் வேண்டும். இடுப்பு வலிக்கு நாட்கணக்கில் படுத்தே கிடப்பது வலியை நீட்டிக்கும் என்பது இன்று மருத்துவர் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை.

கை வைக்கலாகாத வலிகள்

இப்பகுதியை அங்கத்தினர்கள் தங்கள் வீட்டார்க்கும் படித்துக்காட்டும்படி வேண்டுகிறோம்.

நம் சரகத்துச் சங்கம் ஒன்றில் நெசவாளர் ஒருவர் காய்ச்சலாகப் பத்து நாள் படுத்திருந்தார். எழுந்தபின் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. படுத்திருந்ததால் வந்த பிடிப்பு என்று கருதி, வீட்டார் மூன்று நாள் எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டனர். வேறு காரியமாக அத்தெருவுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் அதைக் கண்டு, "இனிமேல் அந்தக் காலில் கை வைக்காதீர்கள் அம்மா" என்று தடுத்து, அன்றே அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார். காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பது அங்கே தெரியவந்தது. உருவிவிடுகையில் அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்திருந்தால் உயிர் போயிருக்கவும் கூடும். பல மாதம் மருந்து உண்டு அவர் தறிக்குத் திரும்பினார். அம்மாதங்களுக்குரிய நூல் கடன் பாக்கியைப் பற்றி விசாரிக்கச் சென்றபோதுதான் இச்செய்தி நமக்குத் தெரிந்தது. அவருடைய மனைவியார், "நல்லது செய்கிறோம் என்றுதானே ஐயா செய்தேன்" என்று கண்கலங்கினார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு அதைச் சொல்லியவர் ஒருவரும் இல்லை. இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

ஆகவே, கீழ்க்கண்ட நிலைகளில் பிடித்துவிடுதலை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒன்று: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தல்.

இரண்டு: நெஞ்சில் இறுக்கம், இடது தோள், கை, தாடை வரை பரவும் வலி, உடன் வியர்வையும் மூச்சுத் திணறலும். இதனை வாய்வுப் பிடிப்பு என்று கருதித் தைலம் தேய்த்துக் காலம் போக்கலாகாது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும். உடனே 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும்.

மூன்று: காய்ச்சலுடன் கூடிய உடல் வலி. வயற்சேற்றில் வேலை செய்வோர்க்கு எலிக்காய்ச்சல் வருவதுண்டு. அதில் கெண்டைக்கால் வலி கடுமையாக இருக்கும்; களைப்பினால் வந்த வலி என்று ஏமாறுதல் எளிது.

நான்கு: இடுப்பு வலியுடன் கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், தொடையிடுக்கில் உணர்ச்சி குன்றுதல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை. இதில் ஒரு நாள் தாமதமும் நிரந்தர ஊனத்தில் முடியக்கூடும்.

ஐந்து: இரவிலும் ஓயாத முதுகு வலி, உடல் மெலிவு, மாலைக் காய்ச்சல். முதுகெலும்பில் காசநோய் பற்றியிருந்தாலும் இக்குறிகள் தோன்றும்.

ஆறு: கீழே விழுந்தோ அடிபட்டோ வந்த வலியும் வீக்கமும். முறிவில்லை என்று தெரியுமுன் இழுப்பதும் முறுக்குவதும் ஆகாது. சுளுக்காயினும் முதல் இரண்டு நாள் பிடித்துவிடாமல் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து ஓய்வாக வைத்தலே நன்று.

கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே பிடித்துவிடச் செய்ய வேண்டும். முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுத்துக்கொள்வதைப் பலர் விரும்புகின்றனர். அதனால் கழுத்தெலும்பை ஒட்டிச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. அதனை அடியோடு தவிர்க்க வேண்டும்.

தைலங்களைப் பற்றி

வாரச் சந்தைகளிலும் நம் சங்க வாசல்களிலும்கூட, எலும்பு வரை ஊறிச் சென்று வலியை வேரறுக்கும் என்று கூறித் தைலம் விற்பவர்கள் வருகின்றனர். இதற்கென்று அங்கத்தினர் சிலர் முன்பணம் கேட்டதும் உண்டு. தேய்க்கும் கைக்கும் தோலுக்கும் இடையே உராய்வைக் குறைப்பதே எண்ணெயின் முதல் வேலை. அதனைச் சாதாரண எண்ணெயும் செய்யும். கற்பூரம், மெந்தால் முதலியன சேர்ந்தால் தோலில் சூடோ குளிர்ச்சியோ தோன்றி வலியை மறக்கச் செய்யும். வலி மருந்துக் களிம்புகள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள் உண்டு. அது ஆஸ்பிரின் மருந்துக்கு உறவானது. தோல் வழியே உடம்பில் ஏறும். ஆதலின் புண்ணின் மீது பூசுவதும், பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர் மிகுதியாகப் பயன்படுத்துவதும் ஆபத்தாகும். கற்பூரத் தைலம் குழந்தைகள் வாயில் பட்டால் விஷமாகும். எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். நீரிழிவு நோயால் பாதம் மரத்திருப்பவர்க்குச் சூடு தெரியாது. ஒத்தட நீரை மற்றொருவர் தம் முழங்கையால் தொட்டுப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

வலியின் வேர்

இரவில் தளர்த்திய தசையை மறுநாள் காலை அதே ஆசனத்தில் அமர்ந்து மீண்டும் இறுக்குவோமாயின், பிடித்துவிடுதல் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகவே முடியும். தறிக்குழியின் விளிம்பில் போட்டிருக்கும் பலகையை முதலில் கவனிக்க வேண்டும். இடுப்பு, முழங்காலுக்குச் சமமாகவோ சற்று உயர்ந்தோ இருக்கும்படி பலகையை உயர்த்தலாம். எட்டிக் குனியாமல் கை செல்லுமளவு தறிக்கு அருகே அதை நகர்த்தலாம். மடித்த சாக்கோ பழந்துணியோ மெத்தையாகப் போடலாம். துணி மீது வெளிச்சம் நன்கு விழுந்தால் தலை அவ்வளவு குனிய வேண்டியதில்லை. நாடாவில் தார் மாற்றும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தித் தோளை இருமுறை சுழற்றுவதற்குக் கூலி குறையாது. மணிக்கொருமுறை குழியைவிட்டு எழுந்து இரண்டு நிமிஷம் நிற்றல் வேண்டும்.

விவசாய அங்கத்தினர்கள், திருந்திய நெல் சாகுபடியில் பயன்படும் கோனோ களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம் என்பதை அறிவர். கைக்களையில் நாள் முழுதும் குனியும் இடுப்புக்கு அது பெரும் உதவி. ஒரு பெருஞ்சுமையை இரண்டு சிறு சுமையாக்குவதும், நடவின்போது அவ்வப்போது நிமிர்ந்து இடுப்பைப் பின்புறம் வளைப்பதும் செலவில்லாதவை.

சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவர் இயன்முறை மருத்துவரிடம் சென்றுவரப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் வேண்டும். நாற்பது பேர் சேர்ந்தால் அம்மருத்துவரை மாதமொருமுறை சங்கக் கட்டிடத்துக்கே அழைக்கலாம். துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து இதற்குச் செலவிடுவது பற்றி அடுத்த மகாசபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. தாம்பரத்தில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணமும் வர்மமும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதோரின் இல்லத்துக்கே சென்று இயன்முறைச் சிகிச்சை அளித்தலும் சேர்க்கப்பட்டது. இவ்வசதிகள் தத்தம் ஊருக்கு எவ்வளவில் கிடைக்கின்றன என்று சங்கச் செயலாளர்கள் விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது பேருதவியாகும். கை வைக்கலாகாத ஆறு நிலைகளையும் அப்பலகையில் எழுதிவைத்தால் நன்று.

வேலை முடிந்து வந்த ஒருவரின் தோளை வீட்டிலுள்ள மற்றொருவர் கால் மணி நேரம் பிடித்துவிடுவது, செலவில்லாத நல்ல பழக்கம். ஆண்களுக்குப் பெண்கள் செய்வது என்று மட்டும் இதை வைத்துக்கொள்ளலாகாது. தார் சுற்றியும் நாற்று நட்டும் வீட்டுவேலையும் பார்க்கும் பெண்மணிகளுக்கும் தோளும் இடுப்பும் உண்டு. அப்பழக்கத்தை அறிவோடு கைக்கொள்ளுமாறும், தறிப்பலகையை நாளையே ஒருமுறை அளந்து பார்க்குமாறும் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.